ஆறு புறம்போக்கு

பெருஞ்சாணியில் தொடங்கு என்றது உத்தரவு.
அணைக்கு மேலேயும் அது ஆறுதான்;
ஆனால் அங்கே வனத்துறையின் பதிவேடு,
எங்கள் அளவு அதைத் தொடக்கூடாது.

முதல் நாள் முழுக்க ரப்பர் தோட்டம்.
பாலுறையும் புளித்த வாடை
கரையிறங்கி எங்களோடு நடந்தது.
புத்தன் அணையில் வாய்க்கால் தன் பங்கைத் திருப்பிக்கொள்ள
மிச்சத்தைப் பறளி என்று எழுதிக்கொண்டேன்.

வரைபடத்தில் அந்த வளைவு ஒரு மில்லிமீட்டர்.
இறங்கி நடந்தால்
ஒருவர் வாழைத்தோட்டம், இரண்டு குளிகடவு,
பாறைமேல் யாரோ மறந்துபோன சவுக்காரப் பெட்டி,
அதற்குள் ஒரு நண்டு.

மாத்தூரில் அண்ணாந்து பார்த்தோம்.
தொட்டிப் பாலத்தின் உயரத்தில்
வேறொரு தண்ணீர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது
கீழே குனியாமல்.
இதற்குப் படிவத்தில் குறியீடு உண்டா
என்று கேட்டான் வின்ஸ்லி.
இல்லை.

மூவாற்றுமுகம் என்று பேர்.
வருவது இரண்டு; போவதுதான் மூன்றாவது.
ராத்திரி மலையில் மழை.
கோதை செம்மண்ணாக வந்தது,
பறளி இன்னும் பச்சை.
நடுவே ஒரு கோடு, வேட்டிக்கரை போல.
'முடிவிடம்' என்ற கட்டம் மட்டும் காலி.
வின்ஸ்லி தண்ணீரில் இறங்கி
கோட்டின் மேல் கம்பை ஊன்றினான்.
கோடு விலகிப் போனது.
மறுபடி ஊன்றினான்.

மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த தங்கலீலா
கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.
"சாரே, குடிக்க வெள்ளம் வேணும்னா
அந்தால போயி எடுங்க, அது பறளி.
இது இன்னைக்கு ஆவாது."

எங்கள் அலுவலகத்தில் வெள்ளம் என்றால்
சேதக் கணக்கு, நிவாரணம், இரண்டு நகல்.

"பறளி எந்த இடத்துல முடியுது?"
"முடியுதா?"
கொம்பைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள்.
"மழ இல்லேன்னா அந்தப் பாற வரைக்கும்.
மழ பெய்தா எனக்குத் தெரியாது கேட்டியளா,
தேங்காப்பட்டணத்துல போயி கேக்கணும்."

பாறை என்று எழுத இடமில்லை.
அட்சரேகை, தீர்க்கரேகை,
புள்ளிக்குப் பின்னே ஆறு இலக்கம்.
நிரப்பினேன்.
நான் நிரப்பிய இடத்தில்
அப்போது மாட்டின் வால் நனைந்துகொண்டிருந்தது.

மார்த்தாண்டம் பஸ்ஸில் பார்த்தேன்:
வின்ஸ்லியின் கால்சட்டையில்
இடது கால் மட்டும் முழங்கால் வரை சிவப்பு.
வீட்டில் திட்டு விழும் என்று
உரசி உரசி
வலது காலிலும் ஏற்றிக்கொண்டிருந்தான்.