புள்ளி

நாற்பது சுவரொட்டிகள் வந்து இறங்கின
மார்சிலிங் புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில்,
ஞாயிறு காலை எட்டரைக்கு.
ஆங்கிலம் சரி. சீனம் சரி. மலாய் சரி.
தமிழ் மட்டும்
வழக்கம்போல் அச்சகத்தில் அடிபட்டு வந்திருந்தது.

‘கருப்பை வாய்’ என்ற இடத்தில்
ஐகாரக் குறி,
தவறான நிறுத்தத்தில் இறங்கிய பயணிபோல்
எழுத்துக்கு அந்தப் பக்கம் நின்றது.
புள்ளிகள் எல்லாம் உதிர்ந்திருந்தன.
புறறுநோய. தடுபபூசி.

மூன்று வாரம் மொழிபெயர்த்தவள் நான்.
அந்த ஒரு சொல்லுக்கே நாலு நாள்.
‘பெண்கள் நோய்’ என்று போடுங்களேன்,
குடும்பமாக வருகிற இடம் என்றார் குழுவில் ஒருவர்.
நான் வாய் என்றே போட்டேன்.
வாய் இருந்தும்
வருடக்கணக்கில் வலியைச் சொல்லாத உறுப்பு அது.
பெயரையாவது யாராவது சொல்லட்டும்.

இருந்தது ஒரே ஒரு கறுப்பு மார்க்கர்.
தரையில் பரப்பிக் குந்தி
ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன்.
தாதி ரொஹாயா எட்டிப் பார்த்தார்:
உங்கள் எழுத்துக்கு இத்தனை புள்ளி தேவையா?
வைத்தால்தான் மெய் என்றேன்.
மெய் என்றால்?
உண்மை.
கொஞ்சம் யோசித்து, உடம்பும்தான் என்றேன்.

பதினோரு மணிக்கு ஒருவர் வந்து நின்றார்.
சட்டைக் கையில் கிரீஸ்,
பெயர் அட்டையில் சற்குணம்.
இலவசக் குடைக்கு என்று நினைத்தேன்.
குடையைத் தொடவில்லை.
நாலாக மடித்த தாளை எடுத்தார்:
மகள் பள்ளியின் ஒப்புதல் படிவம்.
நிறைமதி, உயர்நிலை ஒன்று, எச்பிவி, முதல் ஊசி.
கையெழுத்துக் கோடு காலி.

“பதிமூணு வயசும்மா.
இப்பவே எதுக்கு இது?”
என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.
தூணைப் பார்த்துக் கேட்டார்.

கிருமி வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன்,
வந்துவிட்ட கிருமியை இது விரட்டாது என்றேன்.
சொல்லச் சொல்ல
எனக்கே மனப்பாடமாகக் கேட்டது.

அவர் மின்தூக்கிக் கதவையே பார்த்திருந்தார்.
திறந்தது. ஒரு சைக்கிள் இறங்கியது. மூடியது.
“நல்லா ஓடுற லிஃப்டத்தான்
மாசாமாசம் நிறுத்திப் பாக்குறோம்.
ஓடுறத ஏன்டா நிறுத்துறேன்னு
திட்டாத ஆளில்ல.”
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கையெழுத்தும் போடவில்லை.
“அவகிட்டயும் கேக்கணும். அவ கைதானே” என்றார்.
பேனா மட்டும் இரவல் கேட்டார்.
மார்க்கரைக் கொடுத்தேன்,
வேறு இல்லை.

மாலையில் மேசைகளை மடித்தோம்.
குடைகள் தீர்ந்திருந்தன.
துண்டறிக்கைகள் பாதி, குப்பைத் தொட்டியின் மேலேயே கிடந்தன.
கடைசிச் சுவரொட்டியைச் சுருட்டும்போது பார்த்தேன்,
ஒரு ‘ய’வுக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது.

மார்க்கர் இன்னும் திரும்பி வரவில்லை.
வராமலே இருக்கட்டும்.