எத்தனை நாளாக

ஞாயிறு இரவு இருமியது
அவனுடைய இருமல்தான்.
படியிறங்கும் காலடியை வைத்தே
யாரென்று சொல்வோமே, அப்படித் தெரியும் எனக்கு:
இரண்டு சின்னது, ஒரு பெரியது,
ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டு
விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வான்.

திங்கள் விடியுமுன் வந்தது
வேறு யாரோ.
ஈர பூட்ஸோடு உள்ளே வந்து
கழற்றாமல் நிற்கிற ஓர் இருமல்.

சில்வேன் விழித்துவிட்டான்,
விழிக்காதவன்போல் கிடந்தான்.
இருட்டில் தனித்தனியே எண்ணினோம்.
காலையில் என் கணக்கு பதினொன்று,
அவனுடையது ஏழு.

காகிதக் கைக்குட்டையில் வாங்கிய சளியை
சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.
வெளியே ஃபியோர்டு முழுக்கப் பனி.
அந்த வெளிச்சத்தில் எல்லாமே
கொஞ்சம் பச்சையாகத்தான் தெரிகிறது.
மஞ்சள் என்றேன். வெளிர்மஞ்சள் என்றான்.
வீட்டுக்குப் பெயின்ட் வாங்கியபோதுகூட
இவ்வளவு நேரம் நின்றதில்லை நாங்கள்.

போன அக்டோபரில் அவசரப்பட்டேன்.
இரண்டு வாரம் ஆன்டிபயாடிக்,
இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு,
எதுவும் ஒட்டாத உடம்பில்
ஒரு கிலோ போனது.
வகுப்பில் பாதிப் பேருக்கு அதே ஜலதோஷம் என்று
பிறகுதான் தெரிந்தது.
அதற்கு முந்தைய ஆண்டு பொறுத்துப் பார்த்தேன்.
ஷிகூட்டிமி ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள்,
கையில் குழாய்,
ஊதுகிற எண் தொண்ணூற்றிலிருந்து இறங்கியது
இன்னும் முழுக்க ஏறி வரவில்லை.

பொறுப்பது எங்கே முடிந்து
பொறுப்பு எங்கே தொடங்குகிறது?
இன்று கொடுப்பதைக் கிருமிகளும்தான்
பாடமாகப் படித்துக்கொள்கின்றன,
இருபது வயதில் அவனுக்கு
எந்த மருந்து மிச்சமிருக்கும்?
இருபது வயது என்று
சத்தமாகச் சொல்லவில்லை.

செவ்வாய் சில்வேன் பனிக்கட்டியில் துளையிட்டு
குச்சியை இறக்கி அளந்து வந்தான்.
இருபத்தெட்டு. முப்பது வந்தால்
மீன்பிடிக் குடிலை இழுத்துப் போகலாம்.
அதற்காவது ஒரு குச்சி இருக்கிறது.

புதன், ஆப்பிள் கூழில் மாத்திரைகளை விழுங்கினான்,
ரொட்டியில் பாதியை வைத்துவிட்டான்.
ஓரத்தை அவன் தின்பதே இல்லை என்பதும் உண்மை.
நெற்றியில் உதடு வைத்துப் பார்த்தேன்:
சூடில்லை. உப்பு. வழக்கமான உப்பு.

வியாழன் சாப்பாட்டு மேஜையில்
சில்வேன் அந்தக் கதையைச் சொன்னான்:
குனிந்து பார்த்த சித்தப்பாவின் பல்செட்
துளைக்குள் விழுந்ததும்
மறுநாள் தூண்டிலில் வந்த மீன்
எல்லாரையும் பார்த்துப் பல்லிளித்ததும்.
நூறு முறை கேட்டது. நூறு முறையும்
நாற்காலியிலிருந்து சரிந்து விழுவான் ஸகாரி.

இன்று தோள் மட்டும் எழுந்தது.
கண் சிரித்தது.
உதட்டை இறுக்கி
சிரிப்பை உள்ளே மடித்து வைத்துக்கொண்டான்.
சிரித்தால் இருமல் வரும்,
இருமினால் என் முகம் மாறும்,
என் முகம் மாறினால்
சனிக்கிழமை குடில் கிடையாது.
ஏழு வயதில் இவ்வளவும் கணக்குப் போட்டிருக்கிறான்.

கிஸ்லேனைக் கூப்பிட்டேன்.
எத்தனை நாளாக? நாலு.
நிறம்? வெளிர்மஞ்சள், என்றேன், விட்டுக்கொடுத்து.
காய்ச்சல்? இல்லை.
எண்? இரண்டு குறைவு.
இரண்டெல்லாம் ஏறும் இறங்கும், என்றாள்.
வேறு ஏதாவது?

சிரிக்கப் பயப்படுகிறான்.

மறுமுனையில் தட்டச்சு நின்றது.
பிறகு மீண்டும், வேகமாக.
தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுக்க
ஏழரைக்குள் வரச் சொன்னாள்,
முதல் வேளை அதற்குப் பிறகு.

சரியா தவறா, எனக்கு எப்போதும் தெரியாது.
மருந்து கொடுக்காத இன்னொரு ஸகாரியை
பக்கத்து அறையில் வைத்துப் பார்க்க முடியாது.
காலை எட்டு, இரவு எட்டு.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில், கடுகுச் சாறுக்குப் பக்கத்தில்,
இளஞ்சிவப்பாய் ஒரு புட்டி.

பல்செட் கதையை
அடுத்த வியாழன் மறுபடி சொல்லும்படி
சில்வேனிடம் சொல்லியிருக்கிறேன்.