அடித்தல் திருத்தல்

பதினேழு பங்காளிகள். ஒரு வீடு.
காரைக்குடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே,
எஸ்டிடி பூத்தை ஒட்டி என் மேசை.
முப்பது வருடம் பத்திரம் எழுதிய வலது கை
போன ஆடியில் நடுங்கத் தொடங்கியது.
'மேற்படி' என்று எழுதினால் புள்ளி
ஒற்றின் மேல் உட்காராமல்
பக்கத்து எழுத்துக்குப் போயிற்று.

புரோப்ரனலால், நாற்பது மில்லி.
மருந்துக்கடை சுலைகா முதலில் கேட்டது
இழுப்பு உண்டா என்று.
இருதயத்துக்கும் நுரையீரலுக்கும்
எல்லைக்கல் தெரியாதாம் இந்த மாத்திரைக்கு.
ஒன்றைச் சாத்தப் போய் மற்றதையும் சாத்திவிடும்.
இழுப்பு இல்லை என்றேன்.
சர்க்கரை?
உண்டு. ஊசி.
அட்டையைக் கத்தரிக்காமல் கொஞ்சம் நின்றாள்.

"அட்ரினலின் சாவியோட வரும்.
பூட்டுத் துவாரத்துல இது முன்னாடியே உக்காந்திருக்கும்,
தானும் திறக்காம.
சர்க்கரை இறங்கினா நடுக்கம் தெரியாது, படபடப்பு தெரியாது.
வேர்க்கும். அதை மட்டும் நம்புங்க."

வேர்வைக்குச் சேதி கொண்டுவருகிறவன் வேறு ஆளாம்.
அவன் வாசலும் வேறு.

ஆவணி முகூர்த்தம்.
ஊசி போட்டாயிற்று, இட்லி பொட்டலத்திலேயே ஆறியது.
பூத்தில் கோலாலம்பூர்ப் பங்காளி
"ரெண்டாங்கட்டு யாருக்கு?" என்றார், மூன்றாம் முறையாக.
வடக்கே ஊருணிக் கரை, எழுதினேன்,
கிழக்கே ராம.சித. வகையறா வீட்டு முதுகு.
கோடு போட்டது போல எழுத்து. நாடி ஐம்பத்தாறு.
எனக்கே கொஞ்சம் பெருமை.
ஐந்தாம் பக்கத்தில்
தெற்கு எது என்று மறந்துபோனது.
பயந்திருக்க வேண்டும்.
பயம் ஏறிவரும் படியை எடுத்துவிட்டிருந்தேன்.

சொட்டு.
'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்' மேல்
நீல மை அகலமாய் விரிந்தது.
தலைக்கு மேல் விசிறி சுற்றுகிறது,
பிடரி நனைந்திருக்கிறது.

டீக்கடைப் பையனிடம் சீனி என்றேன்.
"டீக்கு எவ்வளவு?"
டீ வேண்டாம். சீனி.
எதிரே சிகப்பி ஆச்சி, ஒன்பதாம் பங்கு,
நான் அள்ளி அள்ளித் தின்பதைப் பார்த்துக்கொண்டே
"என் பங்கைக் கொறச்சுறாம எழுதுங்க" என்றார்.

மாத்திரையைச் சாக்கடையில் போடத்தான் நினைத்தேன்.
சட்டென்று நிறுத்தக் கூடாதாம்.
அடைத்துக் கிடந்த நாளில் பூட்டுகள் பெருகியிருக்கும்,
ஒரே நேரத்தில் அத்தனையும் திறக்கும் என்றாள்.
பூட்டிய வீட்டில் எண்ணிக்கை பெருகுவதை
எனக்கா சொல்ல வேண்டும்?
இருபது, பத்து, அப்புறம் பாதி.

பக்கத்தைக் கிழிக்கவில்லை.
பத்திரத்தின் கடைசியில் சேர்த்தேன்:
அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை.
ஐந்தாம் பக்கம், ஆறாம் வரி,
ஒரு சொட்டு.