நாலடி இரண்டங்குலம்

பெயிண்ட் டப்பா சோணையிடம்.
டேப்பும் பதிவேடும் என்னிடம்.
செல்லூர், கண்மாய்க்கரை நான்காம் குறுக்குத் தெரு.
போன ஐப்பசியில் தண்ணீர் எதுவரை நின்றதோ
அதுவரை ஒரு சிவப்புக் கோடு,
வீட்டுக்கொன்று, விளக்குக் கம்பத்துக்கொன்று.
மாநகராட்சி உத்தரவு.

முதல் வீட்டு நாகரத்தினம்
கதவை முழுசாகத் திறக்கவில்லை.
"கரண்டைக்கால் அளவுதான் சார், கழுவிவிட்டுப் படுத்துட்டோம்."
அவர் முதுகுக்குப் பின்னால்
இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்த சுவர்.
வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறதாம்.
கோடு ஏறினால் விலை இறங்கும்.
"ஓரடி போட்டுக்கங்க" என்றார்.
நான் பேசாமல் நின்றேன்.
"சரி, ஒன்றரை."

எதிர்வீட்டு மெகருன்னிசா ஏற்றிக் கேட்டார்.
"தொட்டில் கொக்கி வரைக்கும் வந்துச்சு."
கொக்கி இருப்பது எட்டடியில்.
நிவாரணக் கணக்கு என்று நினைத்துவிட்டார்.
அவர்மேல் குற்றமில்லை,
போன தடவைப் பட்டியலில் மிக்சிக்கு இடமிருந்தது,
ஆட்டி வைத்த மாவுக்கு இல்லை,
அதை நம்பியிருந்த காலை இட்லிக் கடைக்கும் இல்லை.
"இது காசு குடுக்கிறதுக்கு இல்லைம்மா,
அடுத்த தடவை கொஞ்சமா நட்டமாகணும், அதுக்கு."
"அடுத்த தடவைன்னு எழுதியே வச்சுட்டீகளா?"

தெரு நெடுக இப்படி
வெண்டைக்காய் விலை மாதிரி வெள்ளத்தைப் பேசினோம்.

கடைசியில் சோணைதான்
கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபை எடுத்தான்.
மெகருன்னிசா குடத்திலிருந்தே ஊற்றினான்.
ஒரு முனை உப்புப் பூத்த சுவரில்,
மறுமுனை வீடு வீடாக.
தண்ணீர் யாருக்காகவும்
ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை.
அது நின்ற இடத்தில் கோடு.
பள்ளிக்கூட முனையில், கம்பத்தில்,
நாலடி இரண்டங்குலம்.

திட்ட அறிக்கை நாற்பத்தாறு பக்கம்.
ஒற்றைக் குழாய்ப் பாலத்துக்கு மூன்று குழாய்: நிதி வந்ததும்.
டிரான்ஸ்பார்மர் மேடை உயர்த்த: மின்வாரியத்துக்குக் கடிதம்.
மணல் மூட்டை: இருப்பில் உள்ளது
(எலி கடித்ததை எண்ணவில்லை).
முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி என்னுடையது.

அந்த ராத்திரி
ஐம்பது பேர் பிள்ளைகளோடு பள்ளிக்கூடப் படிக்கட்டில் நின்றார்கள்.
மேலே மூன்று அறை, காய்ந்த தரை, பூட்டு.
சாவி தலைமையாசிரியரோடு திருமங்கலத்தில் தூங்கியது.

"மாடிச் சாவி இரண்டு.
ஒன்று தலைமையாசிரியரிடம்.
ஒன்று எதிர்ச்சந்து ஒச்சம்மாளிடம், சத்துணவு.
செலவு: நாற்பது ரூபாய்."

அதிகாரி அடித்தார். 'இதெல்லாம் திட்டமா?'
மறுபடி டைப் செய்தேன்.
மறுபடி அடித்தார்.
மூன்றாம் தடவை
பக்கத்தைப் புரட்டாமலே கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஆடி.
நாகரத்தினம் தன் கோட்டின்மேல்
பெரிய மாதக் காலண்டர் மாட்டியிருக்கிறார்.
மழை நாட்கள் அதில் குறிக்கப்படுவதில்லை.
பாலத்தடியில் அதே ஒற்றைக் குழாய்,
வாயில் ஒரு பாய்த் துண்டு.
ஒச்சம்மாள் என்னைக் கண்டதும்
இடுப்புச் செருகலைத் தட்டிக் காட்டினாள்,
உள்ளே இரும்புச் சத்தம்.

கம்பத்தில் முதுகை ஒட்டி
ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்,
உச்சியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு.
"போன வருசம் நான் முழுசா உள்ள சார்.
இப்பக் கண்ணு வெளிய.
மூக்கு எப்ப வரும்?"

டேப்பை இழுத்தேன்.
மூக்குக்கு இன்னும் இரண்டங்குலம்.
ஐப்பசிக்கு எழுபது நாள்.