எட்டாயிரம் ஹெர்ட்ஸ்

வேலூர் - குடியாத்தம் தடத்தில்
பதினாறு வருஷம்
கம்பி பிடிக்காமல் நின்றவன் நான்.
லத்தேரி திருப்பத்தில் கூடைக்காரிகளே சரிவார்கள்.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பேன்.

மாத்திரைக்கு மசியாத காசம் என்றார்கள்.
தினம் ஒரு கனாமைசின்.
திங்கள் இடது பிட்டம், செவ்வாய் வலது.
ஞாயிறு ஊசிக்கு லீவு;
ஜெபமணி சிஸ்டர் சர்ச்சுக்குப் போய்விடுவார்.
தடித்த இடத்தில் வெந்நீர்த் துணி ஒத்தும் பூங்காவனம்
"அரிசி மூட்டையில குத்தூசி போட்ட மாதிரி
கண்ணு கண்ணா இருக்குது" என்பாள்.

மூன்றாம் மாசம்
காதுக்குள் ஒரு சில்வண்டு ஏறிக்கொண்டது.
டிக்கெட் வாங்கவில்லை.
எங்கே இறங்கும் என்றும் சொல்லவில்லை.

அடுக்கம்பாறையில்
கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள்.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்.
அழுத்தினேன். அழுத்தினேன்.
அப்புறம் வெகுநேரம்
விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்தப் பெண் வரைந்த கோடு
பிரேக் போன வண்டியாய்
காகிதத்தின் வலது ஓரத்தில் இறங்கியிருந்தது.
"எட்டாயிரத்துல ஒண்ணுமே இல்லைங்க.
கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகும்,
குருவி, கொலுசு..."
விசில்? என்றேன்.
அவள் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தாள்.

ஊசியை நிறுத்தட்டுமா என்று கேட்ட டாக்டர்
எக்ஸ்ரேவை ஜன்னலுக்குத் தூக்கினார்.
இடது நுரையீரலில் ஒரு வட்டம்,
என் தோல்பையிலிருந்து தவறிய
ஐந்து ரூபாய் அளவுக்கு.
போடுங்க என்றேன்.
கத்திவிட்டேன் போல,
வார்டே திரும்பிப் பார்த்தது.

இப்போது சளியில் கிருமி இல்லை.
நாற்பத்தொரு கிலோ, ஐம்பத்தாறு ஆகிவிட்டது.
தரைதான் ஓடுகிறது.
குழாயடியில் குடத்தோடு நிற்கையில்
லத்தேரி திருப்பம் வந்துவிடுகிறது.
துணி காயும் கொடியைப் பிடித்துக்கொள்கிறேன்.
பூங்காவனம் ஏதோ சொல்கிறாள், வாயைப் பார்த்து
பாதியை நானே போட்டுக்கொள்கிறேன்.

நேற்று டிரைவர் தணிகாசலம் வந்தான்.
ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து
கையில் திணித்தான்.

ரெண்டு தரம் ஊதினேன்,
இருமல் இல்லாமல், நெஞ்சு நிறைய.
எனக்குக் காற்று மட்டும்.
உள்ளே பட்டாணி துள்ளுவது உதட்டில் தெரிந்தது.

வாசலில் படுத்திருந்த நாய் தலை தூக்கியது.
நாற்காலியில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்தின்
வலது கால்
தானாக ஒரு அங்குலம் முன்னே போய்
தரையை மிதித்தது.