ஏழாவது வெள்ளை

"என்னை எதுவும் கேட்காத வீடு வேண்டும்."
ஹில்யா சொன்னது அவ்வளவுதான்.

அவசர அழைப்பு மையத்தில் வேலை அவளுக்கு.
இரவு எட்டு முதல் காலை எட்டுவரை
தார்த்து நகரத்தின் மூச்சுத்திணறல்கள்,
பனியில் வழுக்கிய இடுப்பெலும்புகள்,
குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு
கிசுகிசுக்கும் பெண்கள்
எல்லாரும் அவளுடைய இடது காதில்.
வலது காதை எதற்கோ மிச்சம் வைத்திருக்கிறாள்.

மற்றவர்கள் பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து எடுத்து வருவார்கள்.
இவள் சாவியை மட்டும் மேசையில் வைத்தாள்.

அன்னெலின் பக்கம், சோவியத் காலத்துக் கான்கிரீட் அடுக்கு,
ஒன்பதாம் தளம்.
பழுப்புப் பூக்காகிதம். கிழித்தால் பச்சை.
அதையும் கிழித்தால் ஒரு பழைய செய்தித்தாள்:
உருளைக்கிழங்கு அறுவடை இலக்கைத் தாண்டியதாம்.
மூன்று நாள் சுரண்டினோம்.
சுவர் ஒருவழியாகப் பேச்சை நிறுத்தியது.

தரைக்கு ஓக் என்று நான் வரைந்திருந்தேன்.
ரைவோ தன் வேனிலிருந்து
மைனஸ் பதினொன்றில் கிடந்த ஆஷ் பலகையைத் தூக்கி வந்து
அவள் காலடியில் போட்டான்.
ஷூவைக் கழற்றி ஏறி நின்றாள்.
காலுறையையும் கழற்றினாள்.
"இது" என்றாள்.
என் வரைபடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு வெள்ளை.
பதினொரு சதுரங்கள் பூசி வைத்தேன் சுவரில்:
முட்டை ஓடு, ஓட்ஸ், ஈர மணல்,
ஆட்டுக் கம்பளி, நேற்றைய பால்...
ஏழாவதில் ஒரே ஒரு துளி காவி
யாருக்கும் தெரியாமல்.
இரண்டு வாரம் தூங்காமல் கலக்கியவை.

டிசம்பர் காலை எட்டே முக்கால்.
வேலை முடிந்து வந்தாள். வெளியே இன்னும் இருட்டு.
"நான் எழுந்திருக்கும்போதும் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.
"மார்ச் வரை இந்தச் சுவரை நான்
பகலில் பார்க்கப் போவதில்லை."
விளக்கை அணைத்துவிட்டு
உள்ளங்கையால் ஒவ்வொரு சதுரமாகத் தடவிப் போனாள்.
ஏழாவதில் நின்றாள்.
"இது வழுக்கவில்லை."

அன்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தேன்.
அலமாரிக் கதவுகளில் கைப்பிடிக்குப் பதிலாக
விரல் நுழையும் ஒரு பள்ளம்.
விளக்கு விசை முழங்கை உயரத்தில்.
பலகைக்கு அடியில் கார்க், நாற்காலிக் கால்களில் கம்பளி,
சாயம் ஏறாத லினன் திரை.
வாசல் மணியைக் கழற்றச் சொன்னாள்.
கழற்றினோம்.

ஒரு களிமண் ஜாடியும் இரண்டு வில்லோக் குச்சிகளும்
என் சொந்தப் பரிசாக வைத்துவிட்டு வந்தேன்.
மறுநாளே என் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது.
"அழகாகத்தான் இருக்கிறது,
ஆனால் தண்ணீர் கேட்கும்."

ஜூன். இரவு பத்தரை.
தொலைபேசியில் ஹில்யா:
"சுவர் சிவக்கிறது."

வடமேற்கு ஜன்னல், அணைய மறுக்கும் சூரியன்,
என் ஒற்றைத் துளி காவி. எல்லாம் புரிந்தது.
ரைவோவை அனுப்புகிறேன், இரண்டே நாளில் மாற்றிவிடலாம்,
செலவு என்னுடையது என்று
மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போனேன்.

மறுமுனையில் எதுவும் இல்லை.
ஓர் எதிரொலி இல்லை, நாற்காலி நகரும் சத்தம் இல்லை.
நான் செய்த அறை
என் வார்த்தைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில், வேலைக் குரலில்,
வாய்ப் பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்,
"நீங்கள் இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?"
என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை.
என் சமையலறையில்
நாற்பது மரத்துண்டுகள், திறந்த பெயின்ட் டப்பாக்கள்,
கழுவாத கோப்பைகள், யார்யாருடைய வீட்டு வரைபடங்களோ
ஒன்றின் மேல் ஒன்றாக.
உட்கார ஓர் இடம் தேடி
ஜாடியை நகர்த்தினேன்,
பதில் சொல்லும் முன்.