இரண்டாம் பந்தி

கழனிவாசலில், சேவுகப்பெருமாளின் சமையல் கொட்டகை.
உரித்த சின்ன வெங்காயத்தின் மேல்
மேசை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
மாமனாரின் எழுபதாம் சாந்திக்கு
எத்தனை இலை என்று கேட்டார்.
அறுநூறு என்றேன்.
எண்ணூறு என்றாள் உமையாள்.
எழுநூற்றைம்பது என்று அவரே எழுதிக்கொண்டார்,
கோடு போட்ட நோட்டில், ஈர விரலோடு.

பிறகு பேனாவை மூடி,
"வெளிநாட்டுல இருந்தவுக.
அங்கே உசத்தியான சாப்பாடுன்னா எப்பிடி இருக்கும்?"

கோபன்ஹேகன் என்று ஆரம்பித்தேன்.
டிசம்பர் மாதம், மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டு.
கால்வாய்க் கரையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு.
உள்ளே பதினாறு வகை.
"நம்ம இலைக்கே இருபத்தி மூணு வைக்கிறேனே."
ஒவ்வொன்றாகத்தான் வரும், மூன்று மணி நேரம்.
"பரிமாற ஆள் பத்தலையோ?"

பெரிய தட்டில் ஒரே ஒரு கேரட்.
பக்கத்தில் நின்று ஒருவர் அதன் பூர்வீகம் சொன்னார்:
எந்தத் தோட்டம், பிடுங்கியவர் பெயர்,
அன்றைக்கு மண் எவ்வளவு குளிர்ந்திருந்தது.
வெண்ணெய்க்கு உட்கார ஒரு கல்.
கத்திக்குச் சாய ஒரு திண்டு.
என் முதுகுக்குப் பின்னால் மட்டும்
ஒருவன் நின்றுகொண்டே இருந்தான்.
தம்ளரில் தண்ணீர் குறைந்தால் ஊற்றத்தான்.
எனக்கோ கல்யாண வீட்டில் வளர்ந்த உடம்பு.
அடுத்த பந்திக்கு இடம் போடுகிறான் என்று
அள்ளி அள்ளி விழுங்கினேன்.

வெங்காயம் உரிக்கிற பெண்கள் சிரித்தார்கள்.
சேவுகப்பெருமாள் சிரிக்கவில்லை. அவருக்கு அது தொழில்.

ஒன்பதாவதாகக் கூழாங்கல் மேல்
சாம்பல் நிறத்தில், மொறுமொறுவென்று ஏதோ.
பாறையில் வளர்வது, யாரும் உண்ணாமல் விட்டது,
நாங்கள்தான் கண்டெடுத்தோம் என்றாள்
வெள்ளை மேலங்கிப் பெண்.
கடித்தேன்.
நம்முடையதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.
"கல்பாசி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
எனக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் என்று நினைத்து
அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள்.

"ஒத்தையாவா போனீக?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மேசை இரண்டு பேருக்கு.
மூன்று மாதம் முன்பே பணம் கட்டியது, திருப்பித் தரமாட்டார்கள்.
அந்த வாரம் உமையாள் கோட்டையூரில் இருந்தாள்,
முப்பத்திரண்டு பங்காகிவிட்ட வீட்டில்
அப்பச்சியின் பங்குக்குக் கையெழுத்து வாங்க
ஒவ்வொருவர் பின்னாலும் அலைந்துகொண்டு.
ராத்திரி போனில், "சாப்பிட்டீங்களா?" என்றாள்.
ரத்து பண்ணிவிட்டேன், தயிர் சாதம் என்றேன்.
நாலு வருஷமாக அந்தத் தயிர் சாதம்
புளிக்காமல்தான் இருந்தது.

உமையாள் என் பக்கம் திரும்பவில்லை.
ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.
"என் தட்டு?"
எதிரே வைத்தார்கள். காசு கட்டியாயிற்றே.
பதினாறும் வந்தது, வரிசை தப்பாமல்.
"அதை என்ன பண்ணினீங்க?"

முதலில் என்னுடையதை முடிப்பேன்.
பிறகு எழுந்து மேசையைச் சுற்றிப் போய்
உன் நாற்காலியில் உட்காருவேன்.
தண்ணீர்க்காரனும் கூடவே வந்து
பின்னால் நிற்பான்.
பதினாறு தடவை.
கடைசி நாலைந்துக்கு அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

"அப்ப ரெண்டாம் பந்திக்குக் காத்து நின்னவுகளும்
நீங்கதான்" என்றார் சேவுகப்பெருமாள்,
நோட்டைத் திறந்தபடி.

"எண்ணூறுன்னே எழுதுங்க" என்றாள் உமையாள்.
மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை.
வெண்டைக்காய் மண்டி, கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம்,
குருமாவுக்குக் கல்பாசி அரைக் கிலோ,
முன்பணம் இருபதாயிரம்.

கார் கண்ணாபுரம் ரோட்டில் திரும்பும்வரை
ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"அந்தக் கேரட்டைப் பிடுங்குனது யாரு?"

பெயர் சொன்னார்கள், உமையா.
மறந்துபோச்சு.

"ரெண்டு தடவை சொல்லியிருப்பாங்களே" என்றாள்.